கார் கதவில் தெரிந்த கத்திரிக்காய்

திருப்பதி,
ஐப்பசி, வியாழக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி நாராயணசாமி அண்ணா அவர்களுக்கு, இந்திராணி அநேக நமஸ்காரங்களுடன் எழுதுவது. ஏழுமலையான் கிருபையால் இவ்விடம் எல்லோரும் நலம். அவ்விடம் தாங்கள் என்மேல் கோபமாக இருப்பதாகவும், தலை தீபாவளிக்கு என் பெண் ஸ்ரீதேவியையும் மாப்பிள்ளையையும் அனுப்பப்போவதில்லை என்றதாகவும் கேள்விப்பட்டேன்.

அண்ணா, உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு என் கையாலேயே வாழ்த்து அட்டை செய்து, அதில் உங்கள் புது சிவப்புக் காரை அச்சு அசலாகத் தீட்டவேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமா? மாப்பிள்ளை சுதீர் குடும்ப குரூப்பில் வந்த படம் என்று ஒன்றை அனுப்பினார். யூடியூபில் சொல்லித் தருகிற பெண், "மனசுல இருக்கற காரை வரையாதீங்க, போட்டோல இருக்கற காரை வரைங்க, பளபளப்புன்னா அதுல தெரியற நிழல்தான்" என்பாள். அதனால் கதவில் தெரிந்ததையெல்லாம் தீட்டினேன். ஒரு ஆள் தெரிந்தார், நீங்கள்தான். நெற்றியில் புரட்டாசி சனிக்கிழமை நாமம். கோவிந்தா சொல்லிக்கொண்டே தீட்டினேன். கையில் பழுப்பாக ஏதோ, ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் குச்சி. எண்ணெயில் வதக்கிய கத்திரிக்காய் என்று நினைத்து, மூன்று பென்சில் மாற்றி மினுமினுப்பும் வைத்தேன். கருப்பு தீர்ந்துபோனதால் ஜன்னல் கண்ணாடியை மட்டும் வெறும் சாம்பலாக விட்டுவிட்டேன்.

பந்தலில் சம்பந்தியம்மா அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, "இன்னாய்யா இது? பெருமாள் மாசத்துல, நாமத்தப் போட்டுகினு, கோழிக்கால் துன்னுகினு நிக்கறே?" என்று கேட்பார்கள் என்று நான் கண்டேனா?

என் வீட்டுக்காரரும் பந்தலிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து திட்டுகிறார். "பெரிய மனுசனை நாலு பேர் எதிர்ல மாட்டி வுட்டுட்டியேடி! கார் வரையச் சொன்னா கார மட்டும் வரையக் கூடாதா? மன்னிப்பு கேட்டு லெட்டர் எழுது. மொதல்ல அந்தப் படத்த அழி!" இத்தனை நியாயம் பேசி இவரை நான் பார்த்ததே இல்லை.

ஆகையால் மன்னித்துவிடுங்கள். அது கத்திரிக்காய்தான் என்று சம்பந்தியம்மாவிடம் சத்தியம் செய்யவும் தயார். பொய்ச் சத்தியத்தைப் பொறுக்காத காணிப்பாக்கம் பிள்ளையார் எதிரில் மட்டும் வேண்டாம். குழந்தைகளை அனுப்பி வையுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் அன்பு. பெருமாள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
இந்திராணி ஜெகநாதன்

பின்குறிப்பு: அழிப்பதற்கு முன் ஒரு தடவை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் சாம்பலாக விட்ட ஜன்னல் கண்ணாடியில் இன்னொரு ஆள். போட்டோ எடுத்தவர். ஒரு கையில் செல், மறு கையில் அதே கத்திரிக்காய். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. மூன்றாவது பட்டன் மட்டும் கருப்பு, அதைத் தைத்தவள் நான். அந்தச் சனிக்கிழமை அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்தே போய் வந்தேன் என்றார், ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அண்ணா. படத்தை அழிக்கவில்லை. தீபாவளிக்குக் குழந்தைகளோடு சம்பந்தியம்மாவையும் ஏற்றிக்கொண்டு நீங்களே காரை ஓட்டி வாருங்கள். உங்கள் இருவருக்கும் மூன்று வேளையும் கத்திரிக்காய்தான்.