ஐந்தாம் பக்கத்து ஒட்டகச்சிவிங்கி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கும், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மச்சானுக்கும்,

உங்கள் மாலைப் பத்திரிகையின் துணுக்கு எழுத்தாளனும், உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் மூவரும் சுகம். என் வயிறு மட்டும் நேற்றிலிருந்து கலங்கிக்கிடப்பதால் இன்று லீவு. ஆபீஸில் ‘சார்’, வீட்டில் ‘மச்சான்’ என்று பத்தொன்பது வருடமாகக் குழப்பமில்லாமல் கூப்பிட்டு வந்திருக்கிறேன். இந்த விஷயம் இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டதால், கடிதத்தில் அங்கங்கே அப்படியும் இப்படியும் வரும், பொறுத்துக்கொள்ளவும். நேரில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். நேரில் சொன்னால் நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பீர்கள், எனக்குப் பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று காலை நீங்கள் கண் டாக்டரிடம் போகிறீர்கள், சொட்டு மருந்து விட்டால் பொழுது சாயும்வரை எதையும் படிக்க முடியாது என்று உங்கள் தங்கை சொன்னாள். அவளே சாயங்காலம் வந்து இதை வாசித்துக் காட்டுவாள். அதற்கு முன்னால் ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நாளைக் காலை உங்கள் மருமகளின் பள்ளியில் பரிசளிப்பு. இங்கிலீஷ் வகுப்பில் ஒரு சினிமாவைப் பார்த்து ஆராய்ந்து எழுதச் சொன்னதில் அவள் கட்டுரைக்குத்தான் முதல் பரிசு. மேடையேறி அவளே வாசிக்க வேண்டும். தலைமை விருந்தினர் நம் நகரசபைத் தலைவர். கட்டுரையில் நம் பத்திரிகை வருகிறது, நான் வருகிறேன், என் ஒட்டகச்சிவிங்கி வருகிறது. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் வாசிக்க விடமாட்டார்களாம். நாளைக் காலை எட்டு மணிவரை நேரம் இருக்கிறது. நான் இன்னும் போடவில்லை. போடலாமா, கூடாதா என்று நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்தப் படத்தை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு சின்னப் பத்திரிகை ஆபீஸ், ஒரு மந்திரியைப் பற்றி ஒரு செய்தி, அதைப் போடுவதா வேண்டாமா என்பதுதான் மொத்தக் கதையும். ஒரு சண்டை கிடையாது, ஒருவரும் சத்தம் போட்டுப் பேசவில்லை, மந்திரியின் முகத்தைக்கூடக் காட்டவில்லை. அரை மணி நேரத்தில் நான் கொட்டாவி விட்டேன். “எப்பம்மா ஆரம்பிக்கும்?” என்றேன். “ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சுப்பா” என்று சொல்லிவிட்டு, அவள் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டாள். இங்கிலீஷ் டீச்சர் சொல்லிக்கொடுத்த வழியாம் அது: வசனத்தைக் கேட்காதே, ஒவ்வொருத்தர் கையும் கண்ணும் என்ன செய்கிறது என்று பார். பார்த்தேன் மச்சான். அந்த ஆபீஸில் ஒருவர் பென்சிலை எடுத்து எடுத்து வைக்கிறார். ஒருவர் எழுதிய தாளை மறுபடி மறுபடி மடிக்கிறார். ஆசிரியராக நடிப்பவர் கண்ணாடியைத் துடைக்கிறார், இத்தனைக்கும் அதில் தூசியே இல்லை. எல்லோருடைய கண்ணும் சுற்றிச் சுற்றி மேசைமேல் இருக்கிற டெலிபோனுக்கே வருகிறது. அப்படியே நம் ஆபீஸ்தான், நம் பழைய இரும்பு அலமாரி ஒன்றுதான் பாக்கி. எனக்குக் கொட்டாவி போன இடம் தெரியவில்லை.

படம் முடிந்ததும், “அப்பா, போன் எத்தனை தடவை அடிச்சுது?” என்று கேட்டாள். “பத்துப் பதினஞ்சு தடவை இருக்கும்” என்றேன். உங்கள் தங்கை இருபது என்றாள். “ஒரு தடவைகூட அடிக்கலை” என்றாள் மகள். நான் விடுவேனா, முதலிலிருந்து போடச் சொல்லிக் கைவிரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு விரலும் மடங்கவில்லை. அடிக்காத போனுக்குப் பயந்து ஓர் ஆபீஸே நடுங்கியிருக்கிறது, பார்த்த எங்கள் காதிலும் அது மணியாக விழுந்திருக்கிறது. எடுத்தவன் என்ன மனிதனோ, எனக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. அந்தப் பிரமிப்பில், “இது நம்ம ஊர்த் தலைவர்...” என்று உங்கள் தங்கை ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, “...விஷயம் மாதிரியே இருக்கே” என்று முடித்தாள். மகள் ஜன்னலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி எனக்கு. “உங்க ஆபீஸ்ல ஒரு செய்தியை எடுக்கச் சொல்லி யாருப்பா போன் பண்ணுவாங்க?” “தலைவர் ஆபீஸ்லேருந்துதான்.” “எப்ப பண்ணாங்க?” நான் யோசித்தேன். போன வருடத்தை யோசித்தேன், அதற்கு முந்தின வருடத்தை யோசித்தேன். பத்தொன்பது வருடத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். சார், நான் இருக்கும்போது ஒருவரும் பண்ணவில்லை. உங்களுக்காவது பண்ணியிருக்கிறார்களா? கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பாருங்கள். “தலைவருக்குப் பிடிக்காது” என்று நீங்கள் சொல்வீர்கள், உங்களிடம் சொன்னது பக்கம் கட்டுகிறவர், அவரிடம் சொன்னது நான், என்னிடம் முன்பு ஒருநாள் சொன்னது நீங்கள். 

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உள்ளே போய்ப் பழைய பேப்பர் கட்டிலிருந்து மூன்று பேப்பரை உருவிக்கொண்டு வந்து ஐந்தாம் பக்கத்தை விரித்தாள். இடதுபக்கம், கீழ்மூலை, மூன்றிலும் படத்தோடு என் ஒட்டகச்சிவிங்கித் துணுக்கு. உங்கள் தங்கைக்குப் புரியட்டும் என்று இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டரை மணிக்குப் பக்கம் மூடுகிற நேரத்தில் ஒரு செய்தியைத் தூக்கிவிட்டால், அந்த ஓட்டையை அடைக்கத்தான் துணுக்கு. அகலமான ஓட்டை என்றால் முதலை போடுவேன், உயரமான ஓட்டை என்றால் ஒட்டகச்சிவிங்கி. அதன் கழுத்து இரண்டு பத்திக்குக் கச்சிதமாக உட்காரும். என் மகள் இந்தத் தொழில் ரகசியத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டாள். “குடை மாமா எங்க ஸ்கூலுக்கு வந்து தண்ணித் தொட்டியை மூணு தடவை போட்டோ எடுத்தாரு. எங்க டீச்சர்கிட்டயே விசாரிச்சாரு. மறுநாள் நியூஸ் வரும்னு கிளாஸே காத்துக்கிட்டு இருந்துது. மூணு தடவையும் ஒட்டகச்சிவிங்கிதான் வந்துது. தொட்டி உயரம். அதான் அதுவும் உயரம். இல்லையாப்பா?” என்றாள். குடை என்பது நம் நிருபர்தான் என்றும், தொட்டி என்பது பள்ளிக்குப் பின்னால் தலைவர் திறந்துவைத்து, இப்போது தூணில் விரிசல் விட்டிருக்கிற புதுத் தொட்டிதான் என்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவனுக்குக் கோபம் வர வேண்டிய இடம், எனக்கு அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல இருந்தது.

கட்டுரையை எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டினாள். “படத்தில் பயம் அடிக்காத போனாக வருகிறது, எங்கள் வீட்டில் சாத்திய ஜன்னலாக வருகிறது, எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஒட்டகச்சிவிங்கியாக வருகிறது” என்று எழுதியிருக்கிறாள். கேட்டதும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அப்புறம்தான் அந்த மேடையும், அதில் தலைவர் உட்கார்ந்திருப்பதும் நினைவுக்கு வந்தது. “ஒட்டகச்சிவிங்கின்னு போடாம ஒரு மிருகம்னு போடேம்மா” என்று கெஞ்சினேன். “சரி, ஊர்ப் பத்திரிகைன்னு வேண்டாம், பொதுவா அச்சில் வருவதுன்னு போடு. அப்பா வேண்டாம், ஒருவர்னு போடு.” அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு, “அப்பா, நீங்க இப்ப என்ன பண்றீங்க?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

அவளிடம் பலிக்கவில்லை என்று நேற்று டீச்சரிடமே போய்விட்டேன். டீச்சர் வரும்வரை மகளின் வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு அவளுடைய இடம், மேசையில் பேர் எழுதியிருந்தது. அதில் உட்கார்ந்து தலையைத் திருப்பினால் எதிரே தொட்டி. மச்சான், மூன்று தடவை அந்தச் செய்தி இருந்த இடத்தை அடைத்தவன் நான், ஒரு தடவைகூட அந்த விரிசலைப் பார்த்ததில்லை. வெறும் பூச்சு விட்டிருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் நம்பிக்கொண்டேன். எழுந்துபோய்ப் பக்கத்தில் பார்த்தேன், பூச்சு இல்லை. தூணில் அடியிலிருந்து இடுப்புயரத்துக்கு ஏறுகிறது, என் கை உள்ளே போகும். கம்பி வெளியே தெரிகிறது, துரு வழிகிறது. தொட்டி இந்தப் பக்கம் சாய்ந்தால் முதலில் வருவது மூன்றாவது பெஞ்சு. டீச்சர் வந்து, “பொண்ணை நினைச்சுப் பெருமையா இருக்கா சார்?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். வயிறு அப்போது பிடித்ததுதான்.

இவ்வளவு பார்த்த பிறகும் எனக்குத் தைரியம் வரவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். வேலை போனால் என்ன செய்வது, தலைவர் மேடையிலேயே முகத்தைச் சுளித்தால் பிள்ளை என்ன ஆவாள் என்றெல்லாம் ஓடுகிறது. எனவே முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், இது சத்தியம். இன்றும் குடை நாலாவது தடவையாக அதே செய்தியைக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. தூக்கினால் கவலை வேண்டாம், நாலாவது ஒட்டகச்சிவிங்கியும் கைவசம் தயார். அதற்கு மனிதனைப்போல இரண்டு மடங்கு ரத்த அழுத்தம், ஆனாலும் தலை சுற்றுவதில்லை என்பது செய்தி. உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும்.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் கண் சீக்கிரம் தெளியட்டும், கொதிப்பு அடங்கட்டும், நம் பத்திரிகை நாலு பேர் கையில் நிலைத்து நிற்கட்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும்,

உங்கள் கீழ்ப்படிந்த துணுக்குக்காரன்,
தங்கை புருஷன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முக்கால்வாசியை மறந்துவிடவும். உறையில் போடுவதற்குள் மணி பன்னிரண்டேகால் ஆகிவிட்டது, பக்கம் கட்டுகிறவர் போனில் வந்தார். “தொட்டியைத் தூக்கியாச்சு. உயரமா ஒண்ணு சொல்லுங்க.” “யாரு தூக்கச் சொன்னது? சார் கண் டாக்டர்கிட்டயில்ல இருக்காரு?” “யாரும் சொல்லலை. நாங்களே தூக்கிட்டோம்.” மகள் பள்ளியில் இருந்தாள், அந்த மூன்றாவது பெஞ்சில். நான் எழுதிவைத்த நாலாவதைக் கையில் பிடித்துக்கொண்டே, “ஒட்டகச்சிவிங்கி தீந்துபோச்சு” என்றேன். “முதலை?” “அதுவும் தீந்துபோச்சு.” “விளையாடாதீங்க, பக்கத்துல ஓட்டை இருக்கு.” “அங்கே முன்னாடி எது இருந்துதோ அதையே வைங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மூன்று மணிக்குப் பேப்பர் வந்தது. ஐந்தாம் பக்கம், இடதுபக்கம், கீழ்மூலை, படத்தோடு தொட்டி. கட்டுரையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சத்தியம் செய்ததற்கு மன்னிக்கவும். கட்டுரையின் கடைசி வரியை அப்போதுதான் சரியாகப் படித்தேன்: “ஒட்டகச்சிவிங்கிக்கும் மனிதனுக்கும் கழுத்தெலும்பு ஏழேதான் என்று எழுதியவர் என் அப்பா. அது நிமிர்ந்து பார்க்கிறது.” மச்சான், நான் அழுதுவிட்டேன்.

இன்னொரு பின்குறிப்பு: மகள் வந்த பிறகு மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலரைக்கு அது அடித்தது. தலைவர் வீட்டிலிருந்து முதலில் ஆபீஸுக்குப் போன் வந்து, துணுக்கு எழுதுகிறவரைக் கேட்டதால் என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. எடுத்தேன். ஒரு சின்னப் பெண் குரல். “நான் தலைவரோட பேத்தி பேசுறேன். இன்னைக்கு ஏன் ஒட்டகச்சிவிங்கி வரலை? நான் மூணையும் வெட்டி ஒட்டி வெச்சிருக்கேன்.” பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் போன் மச்சான். “தாத்தா பேப்பர் பாத்தாராம்மா?” என்று கேட்டேன். “பாத்தாரு. தொட்டி படத்தை வெச்சுக்கிட்டுக் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே இருக்காரு. ஒண்ணும் பேச மாட்டேங்குறாரு. ஒட்டகச்சிவிங்கி வருமா, வராதா?” நான் மகளைப் பார்த்தேன். “வரும்னு சொல்லுங்கப்பா. ஆனா அதுக்குன்னு தனியா ஒரு இடம் குடுக்கச் சொல்லுங்க” என்றாள். எனவே திங்கட்கிழமை ஐந்தாம் பக்கத்தில் அதற்குத் தனி இடம் ஒதுக்கித் தரும்படி ஆசிரியர் சாரைக் கேட்டுக்கொள்கிறேன். மச்சானிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நாளைக் காலை முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி பிடித்துவைத்திருப்பேன், வந்து உட்கார்ந்து மருமகள் வாசிப்பதைக் கேட்கட்டும்.