தர்ஷினியை இண்டர்வியூவுக்குக் கூட்டிட்டுப் போன லட்சணம்

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். தர்ஷினிய பிறை ஊர்ல அவ வீட்டுல ஏத்திக்கிட்டு, கடல் பாலத்தத் தாண்டி, பத்தரைக்குள்ள ஜார்ஜ்டவுன்ல இண்டர்வியூவுக்கு இறக்கி விடணும்.

தர்ஷினிக்கு பத்தொன்பது வயசு. எஞ்சினியரிங் படிக்க ஸ்காலர்ஷிப் கேட்டிருந்தா. கிடைக்கலன்னா, அவங்க அம்மா வேலை பார்க்கிற ஃபேக்டரியில அவளுக்கும் ஒரு ஸ்டூல் ரெடி.

அந்த ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ற ஒவ்வொரு பொண்ணுக்கும், இண்டர்வியூ வரைக்கும் வழிகாட்ட, இந்தத் துறையில சாதிச்ச ஒரு அக்காவ மெண்டரா போடுவாங்க. இவளுக்கு வாய்ச்சது நான். பதினாலு வருஷமா எலக்ட்ரிக்கல் எஞ்சினியர்!

கார்ல ஏறினதும் ஆரம்பிச்சிட்டேன். "என்ன பிரச்சனை வந்தாலும் பதறக்கூடாது. எஞ்சினியர் மாதிரி யோசிக்கணும்."

"சரிக்கா."

தண்ணி வாங்க பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்தினேன். திரும்பி வந்து ஸ்டார்ட் பட்டன அமுக்கினேன். ஒண்ணும் நடக்கல.

'சாவியைக் காணோம்'னு ஸ்கிரீன்ல வந்துச்சு.

"கையிலதான்டா இருக்கு!" காரோட சண்ட போட்டேன். சாவிய ஸ்கிரீனுக்கு நேரா ஆட்டியும் காட்டினேன். ரொம்ப டெக்னிக்கலான அணுகுமுறை.

மணி ஒம்போதே முக்கால். பாலத்துல வேற ஜாமா இருக்கும்.

எறங்கி பானெட்ட தொறந்தேன். எதுக்குன்னு கேக்காதீங்க. எஞ்சினியர்னா தொறக்கணும்ல?

பக்கத்துல காத்தடிச்சிக்கிட்டு இருந்த லாரிக்கார அண்ணன் வந்தாரு. "என்னம்மா, வீட்டுக்காரருக்கு போன் போடலாமா?"

"வேணாம்ணே. நான் எலக்ட்ரிக்கல் எஞ்சினியர்."

"ஓ! அப்ப சரியாயிடும்லா."

சொன்னவரு போயிருக்கலாம். கைய கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்க நின்னுட்டாரு.

நான் ஒரு வயர தொட்டேன். இன்னொரு வயர தொட்டேன். "ம்ம்... சென்சார் கோளாறா இருக்கும்"னு சொன்னேன். அண்ணன் பயபக்தியா தலையாட்டினாரு. வேர்வையில மேக்கப் கழுத்து வரைக்கும் எறங்கிடுச்சு. மெக்கானிக்குக்கு போன் போட்டா, "அரை மணி நேரம் ஆகும்"னான்.

"ஐயோ, பொண்ணு வாழ்க்கையே போச்சு!"ன்னு நடுரோடு வரைக்கும் கேக்கிற மாதிரி கத்தினேன்.

அப்பதான் உள்ளேயிருந்து மெதுவா ஒரு குரல். "அக்கா, சாவியிலதான் பேட்டரி போயிருக்கு. சாவிய அந்த பட்டன் மேல ஒட்டி வச்சு அமுக்குங்க."

அமுக்கினேன். கார் ஸ்டார்ட் ஆயிடுச்சு!

"உனக்கு எப்படி தெரியும்?"

"டேஷ்போர்டுல மேனுவல் இருந்துச்சுக்கா. நீங்க வெளிய கத்திக்கிட்டு இருந்தீங்க, நான் படிச்சேன்."

லாரிக்கார அண்ணன் கேட்டாரு, "இதுல யாரும்மா எஞ்சினியரு?"

பத்து இருபத்தெட்டுக்கு போய்ச் சேர்ந்தோம். கடைசி அஞ்சு நிமிஷம் மெண்டரையும் உள்ள கூப்பிட்டாங்க. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா காருக்கு அடியில படுத்திருப்பேன்.

இண்டர்வியூ எடுத்த மூணு பேர்ல நடுவுல உட்கார்ந்திருந்த மேடம் கேட்டாங்க, "இந்த ஆறு மாசத்துல இவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

நான் வாய தொறக்கிறதுக்குள்ள தர்ஷினி முந்திக்கிட்டா. "பதறினா என்ன ஆகும்னு, இன்னைக்கு காலையில அக்கா செஞ்சே காட்டினாங்க, மேடம்." பானெட் கதையையும் முழுசா சொல்லிட்டா. மூணு பேரும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற வழி?

மூணு வாரம் கழிச்சு போன் பண்ணினா. "அக்கா, கிடைச்சிருச்சு!" அவ அழ, நான் அழ, பின்னாடி அவங்க அம்மா அழ.

அதே வாரம் எனக்கும் ஒரு மெயில் வந்துச்சு: மெண்டர்களுக்கான பயிற்சி வகுப்பு, நான் கண்டிப்பா வரணுமாம்.