நல்ல சோதனைக்காக ஒரு துளி

கஞ்சனை உங்களுக்குத் தெரியும். ஊதாரியையும் தெரியும். இரண்டிலும் சேராத மூன்றாவது பிராணி ஒன்று உண்டு: எடுத்துவைப்பவர். வாங்குவதற்குக் காசை வாரி இறைப்பார், வாங்கியதைத் தொடமாட்டார். புதுப் போர்வை விருந்தாளிக்கு, நல்ல சட்டை விசேஷத்துக்கு. விருந்தாளி வந்தேவிட்டால்? "இவங்க அவ்வளவு பெரிய விருந்தாளி இல்லையே" என்பார்.

நம்முடையவர் மூளை நரம்புகளை ஆராயும் ஒரு கூடத்துக்குத் தலைவர். எதைக் கையில் கொடுத்தாலும் "பத்திரம், பத்திரம்" என்று சொல்வதால் பெயரே பத்திரம் சார் ஆகிவிட்டது. அவருடைய உயிர், உறைபெட்டியில் இருக்கும் ஒரு குப்பிக்குள் இருந்தது. உள்ளே ஒரே துளிப் புரதம். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி அனுப்பினால், அந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்கிற ஏற்பிப் புரதம். மனித மரபணுவை வளர்ப்புச் செல்களுக்குள் புகுத்தி, அவற்றையே செய்யவைத்து எடுத்தது. அதற்கு ஒரே பத்தியம்தான்: வந்த அன்றே சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து உறையவைக்க வேண்டும். திரும்பத் திரும்ப உருகி உறைந்தால் செத்துப்போகும். இந்தப் பாடத்தைக் கூடத்தில் எல்லாருக்கும் நடத்துகிறவரே அவர்தான். ஆனால் அவர் பிரிக்கவில்லை. பிரித்தால் குப்பிக்குக் குப்பி கொஞ்சம் ஒட்டி வீணாகுமே!

அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆராய்ச்சியாளப் பெண்ணுக்கு அந்தத் துளி தேவைப்பட்டது. மறதிக்கு அவள் யோசித்திருந்த மருந்து இந்தப் புரதத்தில் ஒட்டினால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் வருடக் கடைசியில் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"சார், கொஞ்சூண்டு குடுத்தாப் போதும்."

"இப்போதைக்கு வேற மலிவான புரதத்துல ஒத்திகை பாரும்மா. இது நல்ல சோதனைக்கு."

"இதுதான் சார் நல்ல சோதனை."

"இதைவிட நல்லது வரும்."

அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவரோ, பார்வையாளர் யார் வந்தாலும் குப்பியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் பெருமையை ஆதியோடந்தமாகச் சொல்லி, உள்ளங்கைச் சூட்டில் உறைந்த துளி உருகிக் குலுங்குவதை "எப்படி மினுங்குது பாருங்க!" என்று ரசித்துவிட்டுத் திரும்ப வைப்பார். யாரும் வராத நாளில், இருக்கிறதா என்று தாமே எடுத்துப் பார்ப்பார். வீட்டில் மனைவி, "அந்தப் போர்வையையாவது பிரிங்களேன், மடிப்புலயே கிழிஞ்சிடும்" என்றால், "கிழிஞ்சா பாத்துக்கலாம்" என்பார். என்ன பொறுப்பு!

இத்தனைக்கும் அந்தப் பெண்ணின் யோசனை அபாரமானது என்று முதல் நாளே அவருக்குத் தெரியும். சொன்னாரா? மூச்! முடிவு வரட்டும், சேர்த்துச் சொல்லலாம் என்று அந்தப் பாராட்டையும் எடுத்துவைத்திருந்தார்.

அவளுடைய தவணை முடியப்போகிற நேரத்தில் மனம் இறங்கி, குப்பியைக் கொடுத்தார். சோதனை நடந்தது. மருந்து ஒட்டினால் திரையில் ஏறவேண்டிய கோடு ஏறவே இல்லை.

"சார், என் மருந்தை விடுங்க. எப்பவும் ஒட்டுற பழைய மருந்தே ஒட்டலை. புரதம் செத்துப்போச்சு."

"யாருமே தொடலையேம்மா!"

"தொட்டது நீங்க மட்டும்தான் சார்."

நல்ல சோதனைதான் வந்தது! அன்றே புதுக் குப்பிக்குச் சொல்லி அனுப்பினார். அது வந்து சேருமுன் அவள் போய்விட வேண்டும். கடைசி நாளன்று வாசலில் வந்து நின்றார்.

"உன் யோசனை இந்தக் கூடத்துலயே உசத்தியானதும்மா. எனக்கு முதல் நாளே தெரியும்."

அவள் தோளில் மாட்டிய பையை இறக்கினாள். "இதை எதுக்கு சார் எடுத்து வச்சிருந்தீங்க?"

அவள் பையை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலேயே ஒருவருக்குச் சொல்லவேண்டிய நல்ல வார்த்தை ஒன்றை, அவ்வப்போது எடுத்துப் பார்த்து, மனசுக்குள்ளேயே உருகி, திரும்ப உறையவைத்துவிடுகிறீர்களே, அதற்கு உயிர் இருக்கிறதா? இன்றைக்கே சொல்லலாமே. என்ன, வேண்டாமா? நல்ல நாள் பார்த்துச் சொல்வீர்களா?

சரி, பத்திரம்.