நானூற்று நாற்பத்தொன்பதாவது கிலோமீட்டர்

டப்போவிலிருந்து வில்கேனியா ஐநூற்று ஐம்பத்தேழு கிலோமீட்டர். நடுவில் எங்கும் சார்ஜ் போடாமல் என் ஆர்வென் மின்சாரக் காரில் போய்ச் சேர்ந்து காட்டுகிறேன் என்று, எங்கள் நாட்டில் கோடை கொளுத்தும் ஜனவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை நான் சபதம் செய்தேன். சாட்சிக்கு நான்கு பேர் இருந்தார்கள். என்னோடு சேர்த்தால் ஐந்து. அதுதான் எங்கள் சங்கத்தின் முழு பலம். டப்போ வட்டார ஆர்வென் உரிமையாளர் சங்கம். நான் அதன் செயலாளர்.

சபதத்துக்குக் காரணம் எங்கள் தலைவர் நெவில்.

"விளம்பரத்துல ஐநூத்தி அறுபதுன்னு போட்டிருக்கான் மெர்வ். என் வண்டி நானூறைத் தாண்டினதே இல்ல" என்றார்.

"உங்க கால் கனமா இருக்கும்."

"எனக்கு ஒரு கால்தான் கனம். முட்டியில பிளேட் வெச்சிருக்கு. அது இடது கால்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். சங்கக் கூட்டத்தில் ஆர்வெனைப் பற்றிச் சிரிப்பதா? நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்த பிறகு ஏதாவது சொல்ல வேண்டுமே. சபதம் வாயில் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உள்ளதை உள்ளபடி சங்கச் செய்திமடலில் எழுத வேண்டும் என்று நெவில் தீர்மானம் போட்டார். நிறைவேறியது.

நான் முப்பத்தொரு வருடம் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் படித்தவன். முள் எதைக் காட்டுகிறதோ அதுதான் உண்மை என்று வாழ்ந்தவன். ஒரு கம்பெனி 560 என்று எண்ணால் எழுதிவிட்டால் எனக்கு அது மீட்டர் மாதிரி. எங்கள் வீட்டில் கார் மட்டுமல்ல, டிவி ஆர்வென், குளிர்பெட்டி ஆர்வென், கெட்டிலும் ஆர்வென். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் நேரமாகும். காத்திருந்து குடித்தால் டீ நன்றாகத்தான் இருக்கும்.

என் மனைவி லோர்னா வேறு பள்ளியில் படித்தவள். இருபத்தாறு வருடமாக மருந்துக்கடையில் வேலை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பாள்.

அன்று மாலை அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். விளம்பரத் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினாள்.

"ஐநூத்தி அறுபது கிலோமீட்டர் வரைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"வரைன்னா?"

"வரைன்னா வரைதான்."

"எங்க கடையில ஒரு தைலம் இருக்கு. எட்டு மணி நேரம் வரைக்கும் வலி தெரியாதுன்னு டப்பாவுல போட்டிருக்கும். வாங்கிட்டுப் போனவங்க மூணு மணி நேரத்துல திரும்பி வந்துடறாங்க."

"இன்னொரு டப்பா வாங்கவா?"

"அதே டப்பாவால என்னை அடிக்க."

"ஆர்வென் தைலக் கம்பெனி இல்ல, லோர்னா."

"சரி. நீ ஜெயிச்சா என்ன வேணும்?"

"உன் பழைய வண்டியக் குடுத்துட்டு இன்னொரு ஆர்வென் எடுக்கணும்."

"எடுத்துக்கலாம்."

"நான் தோத்தா?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். "கூட வர்றேன். அது போதும்."

முப்பத்தேழு வருட மணவாழ்க்கையில் ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ நெகிழ்ந்துபோனேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நூறு சதவீதம் சார்ஜோடு கிளம்பத் தயாரானேன். வாசலுக்கு வந்து பார்த்தால் காரின் கூரைமேல் ஒரு பெரிய சாய்வு நாற்காலி. மூன்று கயிறு போட்டு, பக்கத்து வீட்டுக்காரரை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"இது என்னது?"

"நாற்காலி."

"அது தெரியுது. காத்துல போற வண்டி மேல சோபாவைக் கட்டினா சார்ஜ் என்ன ஆகும்?"

"இடுப்புல ஆபரேஷன் ஆன ஒருத்தங்களுக்கு. சாதா நாற்காலியில உக்காந்தா எந்திரிக்க முடியல. வழியில குடுத்துட்டுப் போகணும்."

"வழியிலன்னா எங்க நிறுத்தணும்?"

"வண்டி நிக்கறப்ப சொல்றேன்."

நான் முனகினேன். அவள் விளம்பரத் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு நாய், கூரைமேல் ஒரு படகு. எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், நாய் உட்பட.

"படகு ஏத்திட்டே இவங்க ஐநூத்தி அறுபது போறாங்க. நாம ஒரு நாற்காலி ஏத்தக் கூடாதா? இல்ல, படம் பொய்யா?"

படம் பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? கிளம்பினோம்.

வழியில் நிங்கன் என்ற ஊரைத் தாண்டுவதற்குள் வெளியே நாற்பத்தொரு டிகிரி. ஏசி போடாமல் ஓட்டுவதாக இருந்தேன்.

"விளம்பரத்துல இருக்கற பொம்பளைக்கு வேர்க்கவே இல்ல மெர்வ்" என்றாள்.

ஏசியைப் போட்டேன்.

"அவ தலைமுடி பறக்கறதைப் பாத்தா நூத்திப் பத்துல போறாங்க போலிருக்கு."

நூற்றுப் பத்தில் போனேன். பேட்டரி, ஓட்டை வாளியில் தண்ணீர் இறங்குவது போல இறங்கியது. கோபாருக்குள் நுழையும்போது முப்பத்தெட்டு சதவீதம். இன்னும் இருநூற்று முப்பது போகும் என்றது திரை. போக வேண்டியது இருநூற்று அறுபது.

சாலையோரம் அந்த ஊரின் சார்ஜ் நிலையம் தெரிந்தது. என் கை தானாக இன்டிகேட்டரைப் போட்டது.

"போட்டுக்கோ" என்றாள் லோர்னா அமைதியாக. "அரை மணி நேரம்தானே. தோத்துட்டேன்னு செய்திமடல்ல ரெண்டு வரி எழுதிடு. நெவில் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டார்."

நெவில் தப்பாக நினைக்க மாட்டார்தான். சிரிப்பார். அதுதான் பிரச்சினை.

"முப்பதுதான் குறையுது. ஏசியை நிறுத்திட்டு எழுபத்தஞ்சுல போனா அந்த முப்பது வந்துடும்."

"உனக்குத் தெரியாததா? திரையில கம்மியாக் காட்டிட்டு அதிகமா ஓடும், ஆர்வென் தன்னடக்கமான வண்டின்னு நீதான் சொல்லுவ."

முப்பத்தேழு வருடத்தில் என் கருத்தை அவள் எடுத்துச் சொன்னதும் அன்றுதான். இன்டிகேட்டரை அணைத்தேன்.

கோபாருக்கு மேற்கே நேர்க்கோடாக ஒரு சாலை, சிவப்பு மண், எதிர்க்காற்று. அவ்வளவுதான். மூன்று பெட்டி கோத்த லாரிகள் எங்களைத் தாண்டும்போது ஓட்டுநர்கள் குனிந்து பார்த்தார்கள், உள்ளே உயிரோடுதான் இருக்கிறோமா என்று. எனக்கு முதுகு சீட்டோடு ஒட்டிவிட்டது. லோர்னா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஊறுகாய் வைத்த ரொட்டியை எனக்கு ஊட்டிவிட்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காற்று எதிரே வீசுகிறது என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள், வானிலை அறிக்கை வாசிப்பவர் போல.

நானூறாவது கிலோமீட்டரில், "தலை வலிக்குது, கொஞ்சம் ஏசி போடு" என்றாள். போட்டேன். கால் மணி நேரம் கழித்து, "போதும், நிறுத்திடு. அறுபதுலயே போ. அவசரம் இல்ல" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. கடைசியில் இவளுக்கும் ஆர்வென் மேல் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பேட்டரி மூன்று சதவீதம். இரண்டு. சார்ஜ் தீரப்போகிறது என்று காட்டும் ஆமைச் சின்னம் திரையில் வந்தது. பிறகு ஒரு சதவீதம். பிறகு வண்டி பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் போட்டு, சாலையோரம் ஒரு கேட்டுக்கு எதிரே நின்றது. ஓடிய தூரம் 449.

வாசகர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கதையிலும் ஒரு பொடி எழுத்து இருக்கிறது. அதை இதுவரை நான் சொல்லவில்லை. அந்த கேட்டு லோர்னாவின் அக்கா ஹேசலின் ஆட்டுப் பண்ணையுடையது. ஆறு வருடமாக நான் அதற்குள் காலெடுத்து வைக்கவில்லை. லோர்னா போகலாம் என்று சொன்ன போதெல்லாம் எனக்குச் சங்க வேலை வந்துவிடும். ஹேசல் நல்லவள். காரணம் அவள் கணவர் கிளாரி, என் சகலை. அவருக்கு டக்ஸ்டன் கம்பெனியின் டீசல் வண்டி மேல் பைத்தியம். டக்ஸ்டன் தொப்பி, டக்ஸ்டன் பெல்ட், நாய்க்குப் பெயரும் டக்ஸ்டன். காலையில் ஆரம்பித்தால் இரவுவரை அதே பேச்சு. ஒரு மனிதன் ஒரே கம்பெனியைப் பற்றி இத்தனை மணி நேரம் பேசினால் கேட்பவனுக்கு எப்படி இருக்கும்?

கேட்டுக்கு உள்ளே மரநிழலில் ஒரு மேஜை. அதன்மேல் துணி போட்டு மூடிய கேக், நான்கு கோப்பை. ஹேசல் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணரைக்கு வருவீங்கன்னு லோர்னா சொன்னா. மணி ஒண்ணு நாப்பது" என்றாள்.

லோர்னா இறங்கிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் விலகவே இல்லை. நான் கார்க் கூரைமேல் இருந்த நாற்காலியைப் பார்த்தேன். இடுப்பு ஆபரேஷன் யாருக்கு என்று நான் கேட்கவே இல்லை.

கிளாரி தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"வா சகலை. செத்துடுச்சா?"

"சார்ஜ் தீந்துடுச்சு. அவ்வளவுதான். ஒரு பிளக் குடுத்தா ராத்திரியோட ராத்திரியா போட்டுட்டுக் காலையில கிளம்பிடுவோம்."

"பிளக் இருக்கு. லைன் கரண்ட் இங்க கிடையாது, கூரையில சோலார்தான். பகல்ல அஞ்சு மணி நேரம் தர்றேன். ஹேசல் துணி துவைக்கற நேரம் கிடையாது."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஐந்து மணி நேரத்துக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர். சபதம் தோற்ற பிறகு வில்கேனியாவில் என்ன வேலை, வீட்டுப் பக்கம் திரும்பக் கோபார் போகவே மூன்று நாள்.

"இல்லன்னா ஒண்ணு செய்யலாம்" என்றார் கிளாரி. "ட்ரெய்லர் இருக்கு. அதுல ஏத்தி என் டக்ஸ்டன்ல கோபார் வரைக்கும் இழுத்துட்டுப் போறேன். ரெண்டு மணி நேரம். ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்குவேன். எங்க டக்ஸ்டன் சங்கப் பத்திரிகை அட்டைக்கு."

லோர்னா என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மூணு நாள் தங்கறோம்" என்றேன்.

அந்த மூன்று நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டக்ஸ்டன் எந்த ஆற்றைக் கடந்தது, எந்தச் சேற்றிலிருந்து எதை இழுத்தது, விளம்பரத்தில் மூன்றரை டன் இழுக்கும் என்று போட்டதை எப்படி இழுத்துக் காட்டியது எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் மாலை ஆட்டுக் கொட்டகைப் பக்கம் கிளாரி குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லாத சகலை. மூணரை டன்னு போட்டிருக்கான். ரெண்டரைக்கே கியர்பாக்ஸ் போயிடுச்சு. ரெண்டு தடவை மாத்திட்டேன்" என்றார்.

"கம்பெனிக்கு எழுதலையா?"

"எழுதறதா? பதினெட்டு வருஷமா நான்தான் எங்க சங்கத்துக்குத் தலைவர்."

நான் அவர் தோளில் கை வைத்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதரைப் பிடித்தது.

வீட்டுக்குள் ஹேசல் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். லோர்னா அவள் காலடியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று நாளும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அதைக் கேட்கக் கேட்க, ஆறு வருடமாகச் சங்க வேலை என்று நான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அது எனக்கு அவ்வளவு சுகமாக இல்லை.

நான்காம் நாள் கோபாரில் சார்ஜ் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தோம். செய்திமடலுக்கு எழுத ஆரம்பித்தேன். '449 கிலோமீட்டர்' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன்.

"அந்த கேட்டுகிட்டதான் நிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனிக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். நாப்பது டிகிரி, நூத்திப் பத்து வேகம், மேல சாமான்னா எவ்வளவு போகும்னு. ஒரு பொண்ணு எடுத்தா. நானூத்தி இருபதுலேர்ந்து நானூத்தி அம்பதுக்குள்ள மேடம்னு சொல்லிட்டா. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. மிச்சத்தை நான் ஏசிய வெச்சு சரிபண்ணிக்கிட்டேன்."

"என்கிட்ட அதை யாருமே சொல்லல."

"நீ கேக்கல மெர்வ். நீ அவங்களுக்கு எழுதினதெல்லாம் பாராட்டுக் கடிதம்."

நான் என் ஆர்வென் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இனிமேல் ஒரு பெயரைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை, எந்தக் கம்பெனி உண்மையைச் சொல்கிறதோ அந்த வண்டியைத்தான் வாங்குவது என்று முடிவுசெய்தேன். உரக்கவே சொன்னேன்.

"அடுத்த மாசம் இதை வித்துடலாம், லோர்னா. எல்லா வண்டியையும் பாத்து, நூறு கேள்வி கேட்டு, நல்லதா ஒண்ணு எடுப்போம்."

அவள் தெர்மாஸிலிருந்து எனக்கு டீ ஊற்றினாள்.

"வேண்டாம் மெர்வ், இதுவே இருக்கட்டும். இது எங்க நிக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்."