கண்ணை மூடிக்கொண்டு ஒரு தீர்மானம்

தாடையில் பாதி நுரையோடு சபை உறுப்பினர் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, கையில் விடைத்தாள் கட்டோடு மனைவி குளியலறை வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, ஒரு சின்ன சந்தேகம்."

அவள் 'சின்ன சந்தேகம்' என்று ஆரம்பித்தால் சவரக் கத்தியைக் கீழே வைத்துவிடுவது நல்லது என்பது பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் கற்ற பாடம். வைத்தார்.

"நேத்து எட்டாம் வகுப்புல ஒரு பொண்ணு எழுந்து கேட்டுட்டா. 'டீச்சர், தலைவர் இனிமே தேர்தலே வேணாங்கறாராமே. உங்க வீட்டுக்காரர்லேர்ந்து அத்தனை பேரும் அவர் பின்னாடியே நிக்கறாங்களே, ஏன் டீச்சர்?'னு. அடுத்த திங்கக்கிழமை சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஏங்க?"

"ஏன்னா..." என்று ஆரம்பித்தார் உறுப்பினர். நுரை காய ஆரம்பித்தது.

"பயமா?"

"பயமா? எனக்கா?" என்றார் மெதுவாக, ஜன்னலைச் சாத்திவிட்டு.

"அப்போ பதவி ஆசையா?"

"என்ன பெரிய பதவி! என் ஆபீஸ்ல மின்விசிறி சுத்தறதுக்கே குச்சியால ஒரு தட்டு தட்டணும்."

"அவர் மேல பாசமா?"

"ஒன்பது வருஷமா என்னைப் பக்கத்து சீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறார்."

"அப்புறம் ஏங்க கை தூக்கறீங்க?"

"எல்லாரும் தூக்கறாங்க, நானும் தூக்கறேன்."

"சரி, அவங்க எல்லாரும் ஏன் தூக்கறாங்க?"

அதுதான் அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி மாட்டிக்கொண்டது.

சபையில் தலைவரைச் சேர்க்காமல் நாற்பத்தொரு உறுப்பினர்கள். வாக்கெடுப்பு என்றால் எல்லோரும் எழுந்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும். பக்கத்து ஆளைப் பார்த்து யாரும் தயங்கிவிடக் கூடாது என்று தலைவரே கொண்டுவந்த சீர்திருத்தம் அது. அவரும் பெருந்தன்மையாகக் கண்ணை மூடிக்கொள்வார். திறந்திருப்பது எண்ணிக்கை எழுத்தரின் இரண்டு கண்கள் மட்டும்தான். யார் தூக்கினார்கள், யார் தூக்கவில்லை, யார் ஓரக்கண்ணால் பார்த்தார்கள் என்று அவர் எழுதுகிற பட்டியல் நேராகத் தலைவரின் மேசைக்குப் போகும். அதில் ஒருமுறை பெயர் விடுபட்டவர் மறுமுறை சபைக்கு வந்ததில்லை.

தேர்தலைக் காலவரையின்றித் தள்ளிவைக்கும் தீர்மானம் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்குள் காரணத்தைத் தெரிந்துகொண்டுவிடுவது என்று உறுப்பினர் முடிவு செய்தார்.

முதலில் பக்கத்து சீட்டு மீசைக்காரரைத் தாழ்வாரத்தில் பிடித்தார்.

"அண்ணே, சும்மாதான் கேக்கறேன். நீங்க ஏன் தலைவரை விடாம ஆதரிக்கறீங்க?"

மீசைக்காரரின் முகம் வெளுத்தது. மீசை மட்டும் கறுப்பாக நின்றது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒட்டுக்கேட்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று சுவரிலிருந்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "தலைவர்தான் என் மூச்சு! தலைவர்தான் என் பேச்சு!" என்று அறிவித்தார். பிறகு, "போதுமா தம்பி? இல்ல, இன்னொரு தடவை சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அடுத்து சாலைத்துறை அமைச்சர் அம்மாள். நல்ல மனுஷி, ஒளிவு மறைவு இல்லாதவர் என்று பெயர்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. நாம எல்லாரும் ஏன் இப்படி..."

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான்."

"நீங்களா? எதுக்கு?"

"வீட்டுல கேட்டாங்க."

"எந்த வீட்டுல? தலைவர் வீட்டுலயா?" அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, போன வாரம் தலைவர் பேசறப்போ நான் கொட்டாவி விட்டது உண்மைதான். ஆனா அது சத்தியமா தூக்கக் கொட்டாவி, சலிப்புக் கொட்டாவி இல்ல. அங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க!"

மறுநாள் கட்சிக் கொறடா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"யோவ், நீ பெரிய ஆளுய்யா! ஒவ்வொருத்தர் விசுவாசத்தையும் சோதிச்சுப் பாக்கறியாமே? தலைவர் பூரிச்சுப் போயிட்டார்."

"ஐயையோ, சோதனையெல்லாம் இல்லீங்க. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு..."

"இந்த அடக்கம்தான்யா உன்கிட்ட! வெள்ளிக்கிழமை தீர்மானத்தை நீதான் முன்மொழியற. தலைவரே உன் பேரைச் சொன்னார். அதுவும் சரியான பேரு!"

உறுப்பினருக்குத் தொண்டை அடைத்தது. அடைத்ததே ஒரு வழியாகப் பட்டது. "தொண்டை சரியில்லீங்க" என்றார் கரகரத்த குரலில். "பேச்சே வர மாட்டேங்குது. வேற யாராவது..."

தலைவருக்காகக் கோஷம் போட்டுப் போன தொண்டை என்று நினைத்துக் கொறடா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அரை மணியில் தலைவரின் சொந்த மருத்துவர் வந்து இறங்கினார். ஆவி பிடிக்க வைத்தார், ஊசி போட்டார், கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டினார். கூடவே வந்த புகைப்படக்காரர் அதைப் படம் பிடித்தார். சாயங்காலச் செய்தித்தாளில் முதல் பக்கம்: 'குரல் போனாலும் கொள்கை போகாது!'

வீட்டுக்கு வந்தபோது மனைவி அந்தச் செய்தித்தாளை மேசைமேல் மடித்து வைத்திருந்தாள்.

"காரணம் கேட்டுட்டு வரச் சொன்னா, கழுத்துல கம்பளியோட வந்து நிக்கறீங்க."

"கேட்டேன்டி. யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. எல்லாரும் நிஜமாவே அவரை நம்பறாங்க போலிருக்கு. எனக்குத்தான் ஏதோ கோளாறு."

"நாற்பது பேருக்குமா நம்பிக்கை?"

"மீசைக்காரர் ஸ்விட்சுகிட்டகூடச் சொல்றாருன்னா பாரேன்."

அவள் சிரிக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவளோ பாடப்புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டாள்.

"என்ன பண்றே?"

"ஆறாவது பாடம், 'தேர்தல்'. திங்கக்கிழமை நேரா ஏழாவதுக்குப் போயிடறேன். அந்தப் பொண்ணு கேட்டா, எனக்கும் தெரியலைன்னு சொல்லிடறேன்."

எழுந்து வந்து, அவர் கழுத்துக் கம்பளியை அவிழ்த்து, வியர்வையைத் துடைத்துவிட்டாள். "வேர்க்குது பாருங்க" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு துடைப்பில் உறுப்பினர் உடைந்துபோனார். பதினெட்டு வருடத்தில் அவள் எந்தப் பாடத்தையும் விட்டவள் இல்லை. காய்ச்சலோடு போய்க்கூட நடத்தியவள்.

வெள்ளிக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. உறுப்பினர் முன்மொழிந்தார். ஊசி நன்றாக வேலை செய்திருந்ததால் குரல் கணீரென்று வந்து தொலைத்தது. தலைவர் தலையை ஆட்டி ரசித்தார்.

"ஆதரிப்பவர்கள்..." என்றார் கொறடா.

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

இருட்டுக்குள் உறுப்பினரின் வலது கை, பழக்கத்தில், தானாகவே கிளம்பியது. இடுப்புவரை வந்ததை இடது கையால் எட்டிப் பிடித்தார். அது திமிறியது. பக்கத்தில் மீசைக்காரரின் முழங்கை அசைந்த மாதிரி இருந்தது. பின்வரிசையில் சட்டைகள் உரசுகிற சத்தம். எல்லோரும் தூக்கிவிட்டார்கள். அவர் மட்டும்தான் மிச்சம். எழுத்தரின் பேனா காகிதத்தில் கீறுகிற ஒலி ஒவ்வொன்றும் முதுகில் விழுந்தது. போச்சு, சீட்டு போச்சு, வீடு போச்சு என்று மனதுக்குள் ஒரு குரல் ஓலமிட்டது. அந்தக் கம்பளியை அவிழ்த்த விரல்களை நினைத்துக்கொண்டார். கையை விடவில்லை.

"கண்ணைத் திறக்கலாம்!"

எழுத்தரிடமிருந்து தாளை வாங்கிய கொறடா முழங்கினார்: "நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று! தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மீசைக்காரர் அழுதுகொண்டே தட்டினார். சாலைத்துறை அம்மாள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு தட்டினார். உறுப்பினர் தட்டிக்கொண்டே மனக்கணக்குப் போட்டார். நாற்பது அல்லவா வர வேண்டும்?

கூட்டம் கலைந்ததும் எண்ணிக்கை எழுத்தரின் அறைக்கு ஓடினார். ஒடிசலான அந்த மனிதர் கோப்புக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா... இன்னிக்கு என் கை..."

எழுத்தர் அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினார். "பாத்தேன் சார். இடது கையால பிடிச்சுக்கிட்டீங்க."

"அப்போ ஏன் என் பேரையும் சேர்த்து எழுதினீங்க? என்மேல இரக்கப்பட்டா?"

எழுத்தர் அவரை விநோதமாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாப்பத்தொரு பேர்ல ஒருத்தர்கூடக் கை தூக்கல சார், அதை அப்படியே எழுதினா, நாப்பத்தொரு பேரும் 'நான் தூக்கினேன்'னு சத்தியம் பண்ணுவாங்க, தலைவருக்கு எதிரி நான் ஒருத்தன் மட்டும்தான்னு ஆயிடாதா?"