தென்னைக்குக் கட்டுப் போட்ட கதை

புதிதாகப் பயிற்சி முடித்தவரிடம் காயத்தைக் காட்டக் கூடாது. காயமே இல்லாததைக் காட்டினால் இன்னும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி முடித்த அந்த வாரம் நான் அப்படித்தான் இருந்தேன்.

தேக்காவைத் தாண்டி, சிராங்கூன் சாலையோரம் அண்ணன் ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தென்னைகளை வண்டு அரித்துக்கொண்டிருந்த காலம். தோப்பை நோயில்லாமல் வைத்திருப்பவருக்குச் சர்க்கார் உதவிப் பணம் தரும். நோய் கண்ட மரத்தை வெட்டிக் கொளுத்திவிடும். பணம் வராவிட்டால் அண்ணன் தோப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டியதுதான். தோப்பைச் சோதிக்கச் சர்க்கார் துரை வரும் நாளன்று, விடிந்ததுமே அண்ணன் வேண்டிக்கொள்ளச் சைனாடவுன் மாரியம்மனிடம் ஓடிவிட்டார்.

நான் தோப்பைச் சுற்றி வந்தேன். மரத்துக்கு மரம் வெட்டுக்காயம், அடியிலிருந்து உச்சிவரை. பயிற்சியில் சொன்ன வரிசை நினைவுக்கு வந்தது: கழுவு, மருந்து தடவு, கட்டு. (அதற்கு முன்னால் ‘யாரையாவது கேள்’ என்றும் ஒன்று இருந்திருக்கும். அன்று நான் தூங்கிவிட்டேன் போல.) கார்பாலிக் மருந்தைத் தடவி, அண்ணனின் வேட்டிகளைக் கிழித்து, கை எட்டிய உயரம்வரை எல்லா மரத்துக்கும் கட்டுப் போட்டேன்.

துரை வந்து இறங்கினார். பின்னால் அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் குமாஸ்தா கிராணி, அவருக்குப் பின்னால் கோடாரியோடு ஆட்கள். தோப்பு கார்பாலிக் வாசனையோடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நின்றது.

“இது என்ன சீக்குன்னு துரை கேக்குறாரும்மா” என்றார் கிராணி.

“சீக்கு இல்லீங்க. காயம்.”

“எல்லா மரத்துக்குமா?”

துரை தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அதைத் தமிழில் சொல்லக் கிராணி தயங்கினார்.

“நோயை மூடி மறைக்கிறீங்கன்னு நெனக்கிறாரு. மொத்தத்தையும் வெட்டச் சொல்றாரு.”

கோடாரிக்காரர் ஒருவர் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டார்.

“அவுத்துக் காட்டுறேங்க” என்று முதல் மரத்தின் முன்னால் போய் நின்றேன். என் முடிச்சு எளிதில் அவிழாது என்று பயிற்சியில் பாராட்டு வாங்கியவள் நான். அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் கார்பாலிக், தலைக்கு மேல் கோடாரி.

அப்போதுதான் அண்ணன் நெற்றி நிறையத் திருநீற்றோடு உள்ளே வந்தார்.

“எவன்டா என் மரத்துக்கெல்லாம் வேட்டி கட்டி விட்டது?”

“நான்தாண்ணே. காயத்துக்கு...”

“காயமா? மரம் ஏற வெட்டுன படிடி அது.”

கிராணி திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். துரைக்கு விவரம் சொல்லக் கொஞ்ச நேரமாயிற்று. துரை சிரிக்கவில்லை. எல்லாக் கட்டுகளையும் அவிழ்க்கச் சொன்னார். மரம் மரமாக நான் அவிழ்த்தேன். மரம் மரமாகக் கோடாரிகள் பின்னாலேயே வந்தன. கடைசி மரத்திலும் படியைத் தவிர வேறொன்றும் இல்லை என்றான பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பணம் வந்தது. அண்ணன் முதலில் வாங்கியது வேட்டி.

ஆஸ்பத்திரியில் இன்று எத்தனையோ பேர் என்னை நம்பிக் கையை நீட்டுகிறார்கள். அண்ணன் மகன் மட்டும் முழங்கால் சிராய்த்துக்கொண்டால் என் கண்ணில் படாமல் ஓடுகிறான். அவனுக்கு அவன் அப்பா சொல்லி வைத்திருப்பது இதுதான்: “அத்தைகிட்ட மட்டும் காட்டாதடா. அவ கட்டுப் போட்டா, பின்னாலேயே கோடாரி வரும்.”