ரிப்போர்ட் அனுப்பியவரின் தகப்பனார் பெயர்

பிள்ளைகளே, ஒரு தப்பும் செய்யாத ஒரு பெண்ணின் வேலைக்கு நான் ஒருமுறை உலை வைத்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. பொறுப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பில். அதுதான் இன்னும் மோசம்.

பெரம்பலூரில் ஜமால் பாயின் டிராவல்ஸ் ஆபீஸில் எனக்கு வேலை. வளைகுடா நாடுகளுக்குப் போகிற லப்பைக்குடிக்காட்டு ஆட்களுக்கு விமான டிக்கெட் போட்டு மெயிலில் அனுப்புவோம். நான் பத்தாவது படித்தவன் (அதையும் இரண்டு தடவை படித்தேன்). பக்கத்து மேஜையில் செலின். வரதராசன்பேட்டைப் பெண், கம்ப்யூட்டர் படிப்பு. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு நாள் ஆபீஸ் மெயிலைத் திறந்தால், யாரோ ஒருவர் ரிப்போர்ட் அனுப்பியிருந்தார். நேற்று எங்கள் ஆபீஸ் பெயரில் எத்தனை மெயில் போனது, எங்கிருந்து போனது என்று விவரம். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். நம் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று எதிர்வீட்டுக்காரன் தினமும் நமக்கே எழுதிப் போட்டால் எப்படி இருக்கும்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த ரிப்போர்ட் கம்பெனியை நடத்துகிற ஆள் யார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன். அவர்களுடைய வெப்சைட்டில் ஒரு பூட்டுப் படம்தான் இருந்தது. உரிமையாளர் பெயர் இல்லை. நம் ஊரில் பஞ்சர் கடை போர்டில்கூட இனிஷியலோடு பெயரும் செல் நம்பரும் இருக்கும், ஓரத்தில் மகன் போட்டோவும் சிரிக்கும். சிறுவாச்சூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சினனிடம் ஓடினேன். அவன் எதையெதையோ தட்டிப் பார்த்தான்.

"இந்த வெப்சைட்டு யாரு பேருல பதிவாயிருக்குன்னு பாத்தேன் மாமா. பேரையே மறைச்சு வச்சிருக்கான்."

"நல்லவன் எதுக்குடா மறைக்கிறான்?"

"அதானே."

விசாரணை முடிந்தது. அந்தக் கடையிலேயே, ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த ஆளுக்கு ஒரு மெயில் போட்டேன். உங்கள் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், குடும்பத் தொழில், பெரம்பலூர் அரியலூர் பக்கம் உங்களைத் தெரிந்தவர் யாராவது உண்டா. (பெண் கொடுக்கப் போகிறவன்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டான்.)

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. ரிப்போர்ட் வர ஏற்பாடு செய்தது செலின் என்று மச்சினன் மெயிலின் அடியில் படித்துச் சொன்னதும் நேராகப் பாயிடம் போனேன். அங்கே நான்கு பேர் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பாய், நம்ம ஆபீஸ் சேதி தெனமும் வெளிய போவுது. இந்தப் பொண்ணுதான் வழி பண்ணி வுட்டிருக்கு."

செலின் எழுந்து நின்றாள். "அண்ணே, அது காவலுக்குப் போட்டது. நம்ம பேருல எவனாச்சும் போலி டிக்கெட் அனுப்புனா காட்டிக் குடுக்கும். உங்ககிட்ட அன்னைக்கே சொன்னனே."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

சொல்லியிருந்தாள், பிள்ளைகளே. அரை மணி நேரம் படம் வரைந்து சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சின்னப் பெண்ணிடம் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு, பெரிய அதிகாரி மாதிரி தலையை ஆட்டினேன். அது முழுக்க அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. வந்தும் பொய் சொன்னேன்.

"யாரு நடத்துறாங்கன்னு தெரியுற வரைக்கும் வூட்டுல இரும்மா" என்றார் பாய். அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தமிழாக்கிப் பாய்க்கு நானே உரக்கப் படித்தேன். "நானும் என் மனைவியும் மட்டும் நடத்துகிறோம். என் தகப்பனார் பெயர் ஹென்ரிக், தபால்காரராக இருந்தார். உங்கள் பக்கம் என்னைத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. உங்கள் ஆபீஸ் செலின். எங்கள் சேவையில் சேருவதற்கு முன்பே, 'நீங்கள் யார், உங்களை எப்படி நம்புவது' என்று நான்கு கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

வரதராசன்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். வாசலில் செலினின் அப்பா முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே சொன்னேன்: "பொய் சொல்லிட்டேம்மா. அன்னைக்கு நீ சொன்ன. எனக்குத்தான் புரியல."

அவள் என்னைப் பார்த்தாள். "புரியலன்னு சொல்லியிருந்தா இன்னொரு தடவ சொல்லியிருப்பனேண்ணே."

திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். ஆனால் அந்த நான்கு பேரும் அதற்குள் விமானம் ஏறிவிட்டார்கள், செலினைக் காட்டிக் கொடுத்தவள் என்று நினைத்துக்கொண்டே. அவர்கள் ஒவ்வொருவராக லீவில் வரும்போது வீடு தேடிப் போய் உண்மையைச் சொல்கிறேன். தெருவில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஏர்போர்ட்டிலிருந்து வண்டி வந்தால் உங்கள் அம்மா கேட்கிறாளே, "சட்டைய மாட்டுங்க, உங்க ஆளான்னு பாத்துட்டு வாங்க" என்று, நீங்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்களே, அது இதுதான்.

மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது. நாலாவது ஆள் குவைத்திலிருந்து இன்னும் வரவில்லை.